வீட்டில் செய்த பைப் நாற்காலி

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"தொழில் துறையில் உன் அனுபவத்தைப் பேசு, பத்து நிமிஷம்தான்" என்று செயலாளர் சார் சொன்னார். நான் பேசப் போவது ஒரு நாற்காலியைப் பற்றி. "என்னடா இது, இவ்வளவு தூரம் வரவழைச்சு நாற்காலிக் கதை சொல்றானே" என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இது தொழில் துறை அனுபவம்தான் என்பது போகப் போகத் தெரியும்.

நான் குடியிருப்பது சுங்குவார்சத்திரம். சென்னையிலிருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் காஞ்சிபுரத்துக்கு முன்னால் வருகிற ஊர். நம் சீனியர்கள் படித்த காலத்தில் அது பஸ் நின்று போகும் கூட்டுரோடு, அவ்வளவுதான். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. பிறகு ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸான், 2012-ல் டைம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான விடுதியைத் திறந்தார்கள். இன்றைக்கு விடியற்காலையில் எங்கள் ஊர்ச் சாலையில் நின்று பார்த்தால் ஷிப்ட் பஸ்களை எண்ணி மாளாது.

நான் வேலை பார்ப்பது கார் இருக்கைகளுக்கான இரும்புச் சட்டம் செய்யும் ஒரு கம்பெனியில். பைப்பை வளைப்பது, ஃபிக்ஸ்சரில் பூட்டுவது, வெல்டு வைப்பது, இதுதான் எங்கள் பிழைப்பு. கார் இருக்கை வடிவமைப்பில் எச்-பாயின்ட் என்று ஒன்று உண்டு. உட்காருகிறவரின் இடுப்பு எலும்பு மூட்டு எந்த இடத்தில் வரும் என்கிற புள்ளி. ஸ்டியரிங், பெடல், கண்ணாடி எல்லாவற்றையும் அந்தப் புள்ளியை வைத்துத்தான் அமைப்பார்கள். அது சில மில்லிமீட்டர் தள்ளிப் போனாலே எங்கள் மீட்டிங்கில் சத்தம் கேட்கும். முகம் தெரியாத ஓட்டுநருக்காக அத்தனை அளவு பார்க்கிறோம்.

என் அம்மா காஞ்சிபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பதினெட்டு வருஷம் விற்பனைப் பிரிவில் இருந்தவர். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஒன்பது ஆகும். சாப்பாட்டு வேளை தவிர மற்ற நேரமெல்லாம் நின்றபடிதான். வாடிக்கையாளர் உட்கார மெத்தை உண்டு, நாற்காலி உண்டு. விற்கிறவருக்குக் கிடையாது. வியாபாரம் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. கடையின் பெயர் வேண்டாம்; அந்தக் காலத்தில் பல கடைகளில் அதுதான் வழக்கம். நான் படித்த நான்கு வருஷச் செமஸ்டர் ஃபீஸ் அந்த நின்ற கால்களில் இருந்து வந்ததுதான். இன்று அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. காலில் நரம்பு புடைத்திருக்கிறது, முழங்கால் வலி. உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சிரமம்.

கடையில் நாற்காலி வாங்கலாம் என்று போனோம். சோபா தாழ்வு, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. சாப்பாட்டு மேஜை நாற்காலி உயரம், கால் தரையில் முழுசாகப் படியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பிடியை ஊன்றினால் அது வளைகிறது. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் பொருந்தல" என்றார் அம்மா. அந்தப் பேச்சு எனக்குச் சம்மதமாக இல்லை. இஞ்சி டேப்பை எடுத்து அம்மாவை அளந்தேன்.

உயரம் 149 செ.மீ. உள்ளங்காலில் இருந்து முழங்காலின் உள்மடிப்பு வரை 38 செ.மீ. கடையில் பார்த்த நாற்காலிகளின் இருக்கை உயரம் 45 செ.மீ. ஏழு சென்டிமீட்டர் வித்தியாசம்! எங்கள் கம்பெனியில் ஏழு சென்டிமீட்டர் என்றால் அது வேறு காரின் இருக்கை. இந்த அளவுகளை வைத்து வீட்டிலேயே ஒன்று செய்துவிடுவது என்று முடிவு செய்தேன். பைப்தான் நமக்குத் தெரிந்த பொருள்.

பைப்பில் நாற்காலி என்பது நூறு வருஷத்துச் சமாச்சாரம். ஜெர்மனியில் பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியில் ஆசிரியராக இருந்த மார்செல் பிராயர் ஒரு சைக்கிள் வாங்கி ஓட்டினார். அதன் ஹேண்டில்பாரைப் பார்த்து, இரும்புக் குழாயை இப்படி வளைக்க முடியுமானால் நாற்காலிக்கும் வளைக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. சைக்கிள் கம்பெனிக்காரர்கள் அக்கறை காட்டவில்லை. ஒரு பிளம்பரைத் துணைக்கு வைத்துக்கொண்டு 1925-ல் முதல் மாதிரியைச் செய்தார். இன்று உலகம் முழுவதும் 'வாசிலி நாற்காலி' என்று பெரிய விலைக்கு விற்பது அதன் வழி வந்ததுதான். அடுத்த வருஷம், 1926-ல், ஹாலந்துக்காரர் மார்ட் ஸ்டாம் இன்னும் எளிமையாகப் போனார். கேஸ் பைப் துண்டுகளையும் எல்போக்களையும் திருகிப் பூட்டி, பின்கால் இல்லாத நாற்காலி ஒன்றைச் செய்தார். நம் ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற சாமான்தான்!

நமக்கும் இது அந்நியமான பொருள் இல்லை. 1949-ல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் தொடங்கி அம்பத்தூரில் சைக்கிள் செய்தது. 1955-ல் ஆவடியில் டியூப் ப்ராடக்ட்ஸ் ஆலை வந்தது. பைப் சட்டத்தில் பிளாஸ்டிக் வயர் பின்னிய நாற்காலி இல்லாத தெரு நம் தமிழ்நாட்டில் இருந்ததா? திண்ணை, வராந்தா, டாக்டர் வீட்டு வாசல், பஞ்சாயத்து ஆபீஸ் என்று எங்கும் அதுதான். அதை டிசைனர் நாற்காலி என்று யாரும் சொன்னதில்லை. வெயிலுக்கு ஏற்ற, காற்று புகுகிற, பின்னல் அறுந்தால் வீட்டிலேயே மறுபடி பின்னிக்கொள்ளக்கூடிய நாற்காலி. என்னைக் கேட்டால் டிசைன் என்பது அதுதான்.

முதலில் ஸ்டாம் பாணியில் பின்கால் இல்லாமல் செய்தால் என்ன என்று காகிதத்தில் கணக்குப் போட்டேன். குடும்பத்தினர் இரண்டு நிமிடம் பொறுத்தருள வேண்டும். நமக்கு 'ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' நடத்திய சாரும் முன்வரிசையில் இருக்கிறார், அவர் திருத்தட்டும்.

உட்காருகிறவர் எடை 75 கிலோ என்று வைப்போம். வலது பக்கம் பாதி, இடது பக்கம் பாதி; ஒரு பக்கத்துக்குச் சுமார் 367 நியூட்டன். எடை விழும் இடம் முன்காலிலிருந்து 30 செ.மீ. பின்னால் என்றால் முன் வளைவில் திருப்புவிசை 110 நியூட்டன் மீட்டர். பைப் 25 மி.மீ. விட்டம், 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ. தடிமன் என்றால், அங்கே வரும் வளைவுத் தகைவு சுமார் 170 மெகாபாஸ்கல். சாதாரண மைல்டு ஸ்டீல் 240 வாக்கில் நிரந்தரமாக வளையத் தொடங்கும். "170 தானே, தாங்குமே" என்று சொல்லலாம். ஆனால் சார் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறதா? திடீரென்று ஏற்றப்படும் சுமையில் தகைவு இரு மடங்கு. யாராவது தொப்பென்று உட்கார்ந்தால் 340. நாற்காலி கும்பிட்டுவிடும். 32 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமன் போட்டால் தகைவு 83, இரட்டித்தாலும் 166தான். தாங்கும். ஆனால் எடை கூடும். தவிர, அந்த நாற்காலி உட்காரும்போது லேசாகத் துள்ளும். இளைஞர்களுக்கு அது சுகம். முழங்கால் வலிக்காரருக்கு எழுந்திருக்கும்போது காலடியில் உறுதிதான் வேண்டும். ஆகவே நான்கு பக்கமும் ஊன்றி நிற்கிற வடிவம். இப்படிச் செய்தால் அதே 25 மி.மீ. 16 கேஜ் பைப் தாராளமாகப் போதும்.

வடிவம் இதுதான். இரண்டு பக்கமும் ஒவ்வொரு வளையம். முன்கால், கைப்பிடி, பின்கால், தரையில் படியும் அடிப்பைப், நான்கும் சேர்ந்து மூலை உருண்ட ஒரு செவ்வகம். உயரம் 62 செ.மீ., நீளம் 55 செ.மீ. நான்கு மூலையும் 10 செ.மீ. ஆரத்தில் வளைவு. ஒரு வளையத்துக்கு 2 மீட்டர் 17 செ.மீ. பைப். இரண்டு வளையங்களுக்கும் நடுவில் இருக்கையும் முதுகும் சேர்ந்த சட்டம், மூன்று குறுக்குப் பைப்புகளோடு. எல்லாம் சேர்த்து ஏழரை மீட்டருக்குச் சற்று மேல். எடை ஏழு கிலோ. கடையில் பைப் இருபது அடி நீளத்தில்தான் தருவார்கள். இரண்டு பைப் வாங்கினால் நாலரை மீட்டர் மிஞ்சும். அந்த மிச்சத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அளவுகள்: இருக்கையின் முன்விளிம்பு 40 செ.மீ. வயர் பின்னல் இரண்டு சென்டிமீட்டர் அமுங்கும், அப்போது அம்மாவின் 38 வந்துவிடும். பின்விளிம்பு இரண்டரை சென்டிமீட்டர் தாழ்வு, முன்னால் சரியாமல் இருக்க. இருக்கையின் ஆழம் 40 செ.மீ.தான், முழங்கால் மடிப்புக்கும் விளிம்புக்கும் நடுவில் நாலு விரல் இடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் மரத்துப் போகும். கைப்பிடி இருக்கையின் முன்விளிம்பையும் தாண்டி நீள வேண்டும். வயதானவர்கள் எழும்போது கையை முன்னால் ஊன்றித்தான் எழுவார்கள். இன்னொன்று, முன்கால்கள் இரண்டுக்கும் நடுவில் கீழே குறுக்குப் பைப் இருக்கவே கூடாது. எழுந்திருக்கும்போது பாதம் தானாகப் பின்னால் நகர்ந்து இருக்கைக்கு அடியில் போகும். உட்கார்ந்து எழுந்து பாருங்கள், இப்போதே தெரியும். அந்த இடத்தை அடைத்தால் எந்த வயதானவராலும் சுலபமாக எழ முடியாது.

இனி வேலை. பைப் வளைக்க எங்கள் கம்பெனியில் லட்சக்கணக்கில் விலையுள்ள சி.என்.சி. மெஷின் உண்டு. அதைத் தொடவில்லை. 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டி, அரைவட்டப் பள்ளம் போட்டு ஓர் அச்சு செய்துகொண்டேன். பைப்பின் ஒரு வாயில் மரக்கட்டை அடித்து, நன்றாகக் காய்ந்த சலித்த மணலைத் தட்டித் தட்டி நிரப்பி, மறுவாயையும் அடைத்தேன். மணல் இல்லாமல் வளைத்தால் உள்பக்கம் நசுங்கிச் சுருங்கிவிடும். சூடுபடுத்தி வளைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மணலில் ஈரம் இருந்தால் நீராவியாகி அடைப்பு தெறிக்கும், ஆபத்து. நான் சூடு இல்லாமல்தான் வளைத்தேன். பைப்பின் உள்ளே நீளவாக்கில் தெரியும் வெல்டு கோடு வளைவின் உள்பக்கமும் வராமல் வெளிப்பக்கமும் வராமல் பக்கவாட்டில் இருக்க வேண்டும். இழுபடுவதும் அமுங்குவதும் அங்கே இல்லை. 90 டிகிரி வேண்டுமென்றால் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக வளைக்க வேண்டும், கையை எடுத்ததும் இரும்பு கொஞ்சம் திரும்பி வரும்.

சுற்றி வந்த வளையத்தின் இரண்டு முனைகளும் பின்காலில் சந்திக்கும். உள்ளே ஒரு சின்ன இரும்புத் துண்டைச் செருகி இணைத்து வெல்டு. 2.5 மி.மீ. ராடு, 60-70 ஆம்பியர், அதற்கு மேல் போனால் 16 கேஜில் ஓட்டை விழும். முதலில் எல்லா மூலையிலும் டேக் மட்டும் வைத்து, மூலைவிட்டம் இரண்டும் சமமா என்று டேப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் முழு வெல்டு. ஆட்டம் பார்க்கத் தட்டையான இடம் வேண்டுமே? சமையலறைக் கடப்பைக்கல் இருக்கிறது. அதைவிட நல்ல மேடை வீட்டில் கிடையாது. வெல்டிங் கண்ணாடி, கையுறை கட்டாயம், குழந்தைகள் பக்கத்தில் கூடாது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பை வெல்டு செய்ய வேண்டாம். அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். ஜி.ஐ.தான் கிடைக்கிறது என்றால் ஸ்டாம் மாதிரி எல்போ போட்டுத் திருகிக்கொள்ளுங்கள். பிறகு அரம், எமரி, ரெட் ஆக்சைடு ஒரு கோட், பெயின்ட் இரண்டு கோட், அடியில் ரப்பர்.

பின்னல் வேலையை அம்மாவே எடுத்துக்கொண்டார். வயர் கூடை பின்னிப் பழகிய கை. நான் நெடுக்கு வயரை இறுக்கமாக இழுத்துக் கட்டியபோது, "அவ்வளவு இறுக்காதடா, குறுக்கு ஓடும்போது தானா இறுகும்" என்றார். முதலிலேயே முழு இறுக்கம் கொடுத்தால் குறுக்குப் பின்னல் ஏற ஏற சட்டமே உள்ளே வளையும் என்பது நமக்கு எந்தப் பாடத்திலும் வரவில்லை. நான்கு சாயங்காலத்தில் முடித்தார். உட்கார்ந்தார். இரண்டு கையையும் முன்னால் ஊன்றி, பாதத்தைப் பின்னால் இழுத்து, யார் கையையும் பிடிக்காமல் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. "கடையில இப்படி ஒண்ணு இருந்திருந்தா" என்று மட்டும் சொன்னார்.

நண்பர்களே, நான் இங்கே பேச வந்ததே அந்தப் பாதி வாக்கியத்துக்காகத்தான்.

கோழிக்கோட்டுக் கடைகளில் வேலை செய்த பெண்கள் வருஷக்கணக்கில் போராடியதன் பலனாக 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் நம் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் அனைவருக்கும் உட்கார வசதி தர வேண்டும் என்று ஆக்கியது. அம்மா வேலையை விட்ட பிறகுதான் அது வந்தது. ஆனால் தொழிற்சாலைக்கு இது புதிது இல்லை. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44-வது பிரிவே சொன்னது: நின்று வேலை செய்ய வேண்டியவர்களுக்கு, இடையில் கிடைக்கும் ஓய்வு நேரத்தில் உட்காரத் தக்க ஏற்பாடு இருக்க வேண்டும். 2020-ல் வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த ஏற்பாடு உண்டு.

இந்த அரங்கத்தில் புரொடக்‌ஷன் மேனேஜர்கள் இருக்கிறீர்கள், லைன் இன்சார்ஜ் இருக்கிறீர்கள், சொந்தமாக யூனிட் நடத்துகிறவர்களும் இருக்கிறீர்கள். லைன் லே-அவுட் வரைவது நாம். எந்த மெஷின் எங்கே, எந்த ட்ரே எந்த உயரத்தில் என்று முடிவு செய்வது நாம். அந்த வரைபடத்தில் ஒரு ஸ்டூலுக்கு ஓரடி இடம் விடுவதா வேண்டாமா என்பதும் நம் பென்சிலில்தான் இருக்கிறது. ஸ்டூல் போட்டால் வேகம் குறையும் என்பார்கள். எல்லா வேலையையும் உட்கார்ந்து செய்ய முடியாது என்பது எனக்கும் தெரியும். மெஷின் ஓடி முடியும் வரை காத்திருக்கும் நேரம், பார்ட்ஸ் வராத நேரம், மாடல் மாற்றும் நேரம் என்று ஒரு ஷிப்டில் எவ்வளவு வருகிறது என்று நீங்களே ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். சட்டம் கேட்பது அந்த நேரத்தைத்தான்.

மிஞ்சிய நாலரை மீட்டர் பைப் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதில் 60 செ.மீ. உயரத்தில் ஒரு ஸ்டூல் செய்தேன். பாதி நின்று பாதி உட்கார்ந்தபடி சாய்ந்துகொள்கிற உயரம். எங்கள் செக்‌ஷனில் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் வேலை பார்க்கும் பெண்ணை முதலில் அளந்துகொண்டுதான் அந்த உயரம் வைத்தேன். மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி அங்கே போட்டிருக்கிறோம். மற்ற மேஜைகளுக்கும் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. விடாமல் கேட்பேன்.

1974-ல் இத்தாலிய வடிவமைப்பாளர் என்சோ மாரி, சாதாரணப் பலகையும் ஆணியும் கொண்டு யாரும் வீட்டிலேயே மேஜை நாற்காலி செய்துகொள்ளும்படி வரைபடங்களை வெளியிட்டார். தன் கையால் ஒன்றைச் செய்து பார்த்தவனுக்குத்தான் அந்தப் பொருளின் நல்லது கெட்டது புரியும் என்பது அவர் எண்ணம். அவர் காட்டிய வழியில் இந்த நாற்காலி, ஸ்டூல் இரண்டின் வரைபடத்தையும் சங்க அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் நகல் எடுத்துக்கொள்ளலாம். உயரம், ஆழம், அகலம் மூன்றையும் மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அந்த இடத்தில் என் அம்மாவின் அளவை எழுதாதீர்கள். உங்கள் வீட்டில் உட்காரச் சிரமப்படுகிறவர் யாரோ, உங்கள் லைனில் நிற்கிறவர் யாரோ, அவரை அளந்து எழுதுங்கள்.

பத்து நிமிஷம் கேட்டு இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டேன்.